பழைய பட்டறைக்கல் வாங்கப் போகிறவர்களுக்கு: தட்டிப் பார், குண்டைப் போட்டுப் பார், அப்புறம் விலை பேசு

கொல்லுவேலை பழக ஆரம்பிக்கிறவர்களுக்கு உலை ஒரு பிரச்சினையே இல்லை. பழைய லாரி பிரேக் டிரம், சின்ன ப்ளோயர், ஒரு சாக்குக் கரி, முடிந்தது. சுத்தியலும் கொறடும் பாரிமுனைப் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இடிப்பது பட்டறைக்கல்தான், அதாவது பழுத்த இரும்பை மேலே வைத்து அடிக்கிற இரும்புக் கட்டி; பெயர்தான் கல். புதிதாக, மலிவாக வாங்கினால் பெரும்பாலும் வார்ப்பிரும்பில் ஊற்றி, பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்த ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். பார்க்கப் பட்டறைக்கல் மாதிரியே இருக்கும், அடித்தால் கல் நசுங்கும், இரும்பு நசுங்காது.

வடசென்னையில் தேடுகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1856-லேயே ராயபுரத்தில் ரயில் நிலையமும் பெரம்பூரில் ரயில்வே பட்டறையும் வந்துவிட்டன, அப்புறம் துறைமுகம், பின்னி மில், அதைச் சுற்றி வளர்ந்த லேத் பட்டறைகள், காசிமேட்டுப் படகு வேலைக்காரர்கள் என்று நூறு வருஷத்துக்கும் மேலாக இரும்படிக்கிற ஊர் இது. அதனால் வெள்ளைக்காரன் காலத்துக் கல் ஒன்று வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் ஏதாவது காயலாங்கடையில், கியர் பெட்டிக்கும் உடைந்த மோட்டாருக்கும் நடுவில், துருப்பிடித்துக் கிடக்க வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தால் அது நல்லதா செத்ததா என்று அங்கேயே பத்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பதற்குத்தான் இது.

பையில் போட்டுக்கொள்ள வேண்டியவை: ஒரு இஞ்ச் பேரிங் குண்டு, 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், கால் கிலோ சுத்தியல், ஒரு அரம், ஒயர் பிரஷ், ஒரு துண்டு எமரி பேப்பர், சாக்பீஸ், சின்ன பாட்டில்களில் கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் வினிகர், துடைக்கத் துணி. கண்ணுக்குக் கண்ணாடி. போன்தான் எப்படியும் இருக்குமே.

முதலில் கல் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் எதைத் தேடுகிறோம் என்பது புரியும். பாகங்களின் பெயர்: அடிக்கிற தட்டையான மேல்பரப்பு முகம், ஒரு பக்கம் கூராக நீள்வது கொம்பு, எதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது வால், நடுவில் குறுகலாக இருப்பது இடுப்பு. பழைய இங்கிலீஷ் கற்களில் உடம்பு தேனிரும்பு. மெத்தென்று, நார் நாராக இருக்கிற இரும்பு. அதன் தலையில் ஏறக்குறைய அரை இஞ்ச் கனத்துக்கு எஃகுத் தகடு ஒன்றை உலையில் பழுக்க வைத்து அடித்து ஒட்டி, பிறகு அந்தத் தகட்டுக்கு மட்டும் தண்ணீர் காட்டிக் கடினப்படுத்தியிருப்பார்கள். உங்கள் காசெல்லாம் அந்த அரை இஞ்சில்தான் இருக்கிறது. அதன் மேல் அடிக்கும்போது சுத்தியல் தானாக எகிறி வரும், கை பாதி வேலைதான் செய்யும். தகட்டின் கடினம் போயிருந்தால் மீதி எழுபது கிலோவும் வெறும் பாரம். இரண்டாவது வகை முழுக்க வார்ப்பு எஃகு. ஸ்வீடன்காரர்களின் கோல்ஸ்வா, சோடர்ஃபோர்ஸ் எல்லாம் இந்த ஜாதி, அருமையான கற்கள். மூன்றாவது வார்ப்பிரும்பு உடம்பில் எஃகு முகம், அமெரிக்காவின் ஃபிஷர் மாதிரி. நான்காவது தலையிலிருந்து கால் வரை வெறும் வார்ப்பிரும்பு, அதாவது மேலே சொன்ன நீலப் பெயின்ட்.

எந்த வகை என்று கண்ணாலேயே ஓரளவு சொல்லிவிடலாம். கொம்புக்குக் கீழே, வால் பக்கம் கீழே, அடிப்பாகத்தில் என்று இடுப்பைச் சுற்றி ஒரு இஞ்ச் அளவு சதுரக் குழிகள் இருக்கிறதா பாருங்கள். செய்யும்போது இரும்புக் கம்பியைச் செருகித் தூக்குவதற்காகப் போட்ட குழிகள் அவை. இருந்தால் பெரும்பாலும் அடித்துச் செய்த கல். அதற்குப் பதிலாகக் கொம்பு நுனியிலிருந்து இடுப்பு வழியாக நடுவில் ஒரு கோடு, அச்சுப் பிரிகிற கோடு, ஓடினால் அது வார்ப்பு. வார்ப்பு என்பதாலேயே மோசம் இல்லை, வார்ப்பு எஃகா வார்ப்பிரும்பா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் சம்மதித்தால் அடிப்பாகத்தில், யாரும் பார்க்காத மூலையில், கிரைண்டரை ஒரு நொடி வைத்துப் பாருங்கள்: மங்கலான சிவப்பில், குட்டைக் குட்டையாகப் பொறி வந்தால் வார்ப்பிரும்பு, நீளமாக, அதிகம் கிளை பிரியாமல் ஓடினால் தேனிரும்பு, நுனியில் பூப்பூவாக வெடித்தால் கார்பன் அதிகமுள்ள எஃகு. முகத்தில் மட்டும் கிரைண்டரை வைக்கவே வைக்காதீர்கள், உங்கள் கல்லாகவே ஆன பிறகும்.

இப்போது குண்டு. மற்ற எல்லாப் பரிசோதனையையும் விட்டுவிட்டாலும் இதை விடக்கூடாது. முகத்தில் உள்கை அளவு இடத்தை ஒயர் பிரஷ் போட்டு, எமரி தேய்த்து, துணியால் துடையுங்கள். துருச் செதிலோ பெயின்ட்டோ இருந்தால் குண்டு எகிறாமல் உங்களை ஏமாற்றும். ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, குண்டின் அடி 25 செ.மீ. கோட்டில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல், சும்மா விரலை விடுங்கள். எவ்வளவு உயரம் திரும்பி வருகிறது என்று கண்ணால் பிடிப்பது கஷ்டம், போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் துல்லியமாகத் தெரியும். 20 செ.மீ. வந்தால் 80 சதவீதம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பழைய தேனிரும்புக் கற்களில் 70-லிருந்து 80 வந்தாலே நல்ல ஆரோக்கியம். அறுபதுகளில் இருந்தால் வேலை செய்யலாம், விலையில் அடித்துப் பேசுங்கள். பாதி உயரம்கூட வராமல் தொப்பென்று விழுந்து இரண்டு குதி குதித்து நின்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒரே இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். இடுப்புக்கு நேர் மேலேதான் எப்போதும் அதிகம் எகிறும், வால் பக்கம் கீழே தாங்கல் இல்லாததால் கொஞ்சம் குறையும், அது இயல்பு. கொம்புக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு படி தாழ்ந்திருக்கும் இடம் மெத்தென்றுதான் இருக்கும். உளி வைத்து வெட்டும்போது உளியின் வாய் மழுங்காமல் இருக்க வேண்டுமென்றே கடினப்படுத்தாமல் விட்ட இடம் அது. அங்கே குண்டு எகிறவில்லை என்று கல்லைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் முகத்திலேயே ஒரு இடத்தில் 75, இரண்டு விரல் தள்ளி 40 என்று வந்தால் ஏதோ நடந்திருக்கிறது: ஒன்று தகடு அடியில் விட்டிருக்கிறது, இல்லை யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள். முகம் முழுக்கவும் ஒரே மாதிரி நாற்பது என்றால் அந்தக் கல் எப்போதோ நெருப்பில் கிடந்திருக்கலாம். கட்டடம் எரிந்ததில் உள்ளே மாட்டிய கல், அல்லது யாரோ ஒரு புண்ணியவான் துருவை எடுக்கிறேன் என்று மொத்தமாகப் பழுக்கக் காய்ச்சியது. வெளியே எந்த அடையாளமும் இருக்காது, விளிம்பெல்லாம் கூராக இருக்கும், கடைக்காரரே தங்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். குண்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு அரத்தை விளிம்பில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. வழுக்கிக்கொண்டு போனால் கடினம், கடித்துப் பொடி எடுத்தால் மெது. குண்டு போட்ட பிறகு சந்தேகம் தீர இது.

அப்புறம் சத்தம். கால் கிலோ சுத்தியலால் முகத்தில் லேசாக, மிக லேசாகத் தட்டினால் போதும். முழு வேகத்தில் அடித்துக் காட்டுகிற வீரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், கடினமான சுத்தியல் கடினமான முகத்தில் நேராகப் பட்டால் சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும். நல்ல தேனிரும்புக் கல்லும் எஃகுக் கல்லும் கோயில் மணி மாதிரி ‘ணங்ங்’ என்று இழுத்து நிற்கும். வார்ப்பிரும்பு ‘டொக்’ என்று செத்துப் போகும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ‘டர்ர்’ என்று அதிர்ந்து, ஏதோ தளர்வாக இருக்கிற மாதிரிக் கேட்டால் அங்கே தகடு பிரிந்திருக்கிறது அல்லது விரிசல். இதில் இரண்டு எச்சரிக்கை. கல் மண்ணில் புதைந்தோ மற்ற சாமான்கள் மேல் சாய்ந்தோ இருந்தால் நல்ல கல்லும் ஊமையாகத்தான் இருக்கும். இரண்டு கட்டை மேல் ஏற்றி வைத்துத் தட்டுங்கள். இரண்டாவது, மேலே சொன்ன ஃபிஷர் போன்ற கற்கள் பிறவி ஊமை. சத்தமே வராது, ஆனால் குண்டு நன்றாக எகிறும், தாராளமாக வாங்கலாம். காதும் குண்டும் சண்டை போட்டால் குண்டை நம்புங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது, ரயில்வேயில் அச்சுகளைப் பார்க்கப் பயன்பட்ட அதே முறை. சந்தேகப்படும் இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி இரண்டு மூன்று நிமிஷம் ஊற விடுங்கள். நன்றாகத் துடைத்து எடுத்துவிட்டு சாக்பீஸைப் பொடித்து மேலே தூவி, விரலால் மெல்லியதாகப் பரப்புங்கள், பிறகு வாலை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு கறுத்த ஈரக்கோடு போடும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: முகத் தகடும் உடம்பும் சேரும் கோடு, வாலில் கருவிகளைச் செருகுவதற்கான சதுர ஓட்டையின் மூலைகள், இடுப்பு. அந்தக் காலத்தில் நிறையக் கற்களில் உடம்பே மேல் பாதி, கீழ் பாதி என்று இடுப்பில் ஒட்டியதுதான், அதனால் இடுப்பைச் சுற்றி ஓடுகிற கோட்டை அலட்சியம் செய்யாதீர்கள். சதுர ஓட்டையின் மூலையிலிருந்து வெளி விளிம்பு வரை விரிசல் ஓடியிருந்தால் வால் என்றைக்காவது கையோடு வந்துவிடும்.

தேய்மானத்தைப் பார்த்துப் புதியவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். விளிம்பு முழுக்கக் கூராக இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை, கொஞ்சம் உருண்ட விளிம்புதான் இரும்பை வெட்டாமல் வளைக்கும். நான்கு விரல் அகலத்துக்கு ஒரு இடத்தில் உருப்படியான விளிம்பு இருந்தால் எல்லா வேலையும் ஓடும். முகத்தின் மேல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், நடுவில் இரண்டு மூன்று மில்லி பள்ளம் இருந்தால் கவலையே வேண்டாம், வளைந்த கம்பியை நிமிர்த்த அந்தப் பள்ளம் உதவியாகக்கூட இருக்கும். பத்து மில்லி என்றால் தகடு எவ்வளவு மிச்சம் என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பக்கவாட்டை எமரியால் தேய்த்து வினிகர் தடவி விட்டால் கொஞ்ச நேரத்தில் எஃகு கறுத்து, தேனிரும்பு வெளுத்து, ஒட்டுக் கோடு தெரிய ஆரம்பிக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது தேய்ந்த கல்லைப் பார்த்து அல்ல, ‘ரெடி பண்ணிய’ கல்லைப் பார்த்து. முகம் கண்ணாடி மாதிரி, நான்கு விளிம்பும் கத்தி மாதிரி இருக்கிற நூறு வருஷப் பழைய கல் எனக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். லேத் பட்டறையில் மில்லிங் போட்டுச் சமன் செய்திருப்பார்கள், அந்த அரை இஞ்சில் எவ்வளவு போனதோ. இல்லையென்றால் உடைந்த விளிம்பில் சாதாரண ராடு வைத்து வெல்டிங் அடித்து கிரைண்டர் பிடித்திருப்பார்கள்; வெல்டிங் மெதுவாக இருக்கும், அதை ஒட்டிய இடம் சூட்டில் கடினம் இழந்தோ, சட்டென்று ஆறி மொறுமொறுவென்றோ ஆகியிருக்கும். வினிகர் தடவினால் வெல்டிங் வைத்த இடம் வேறு நிறத்தில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். முறையாகச் சூடேற்றி, சரியான ராடு போட்டுச் சரிசெய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு. ஆனால் கடையில் கிடக்கும் கல்லில் அப்படித்தான் செய்தார்கள் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

முத்திரைக்கு வருவோம். பக்கவாட்டில் ஒயர் பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் இருந்து சாய்வாக அடித்தால் பாதி எழுத்தாவது மேலே வரும். ‘பீட்டர் ரைட்’, ‘பேடன்ட்’, ஒரு வட்டத்துக்குள் ‘சாலிட் ராட்’ (SOLID WROUGHT) என்று இருந்தால் இங்கிலாந்தின் டட்லியில் செய்தது, நம்பலாம். முன்னங்கால், பின்னங்கால் மேலே சின்னத் தட்டையான படி ஒன்றும் இருக்கும், எழுத்து அழிந்திருந்தாலும் அதை வைத்துச் சொல்லிவிடலாம். ‘மவுஸ்ஹோல்’ என்றால் ஷெஃபீல்டு. முகத்தில் சதுர ஓட்டை மட்டும் இருந்து, துளை போடுவதற்கான சின்ன உருண்டை ஓட்டை இல்லையென்றால் 1830-களுக்கு முந்தைய பழைய வகையாக இருக்கலாம். பெயரே தெரியாத நல்ல கற்களும் நிறைய உண்டு, அதனால் பெயருக்காகக் காசை அள்ளிக் கொடுக்காதீர்கள்.

எண்கள்தான் காசு மிச்சப்படுத்தும். இங்கிலீஷ் கல்லில் மூன்று எண்கள் தள்ளித் தள்ளிப் பொறித்திருக்கும், உதாரணமாக 1 · 2 · 0. இதைப் பார்த்துவிட்டு “நூத்தி இருவது கிலோ நைனா, கல்லுலயே போட்டுருக்கான் பாரு” என்பார்கள். இல்லை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு. இரண்டாவது அதில் கால் பங்கு, 28 பவுண்டு. மூன்றாவது வெறும் பவுண்டு. ஆக 112-உம் 56-உம் சேர்ந்து 168 பவுண்டு, கிலோவில் சுமார் 76. இன்னொன்று 0 · 3 · 17 என்றிருந்தால் 84-உம் 17-உம் 101 பவுண்டு, ஏறக்குறைய 46 கிலோ. நடு எண் 3-ஐத் தாண்டாது, கடைசி எண் 27-ஐத் தாண்டாது, தாண்டினால் நீங்கள் படித்தது தப்பு, இல்லை அது இங்கிலீஷ் கல் இல்லை. எப்படியும் கடைத் தராசில் ஏற்றித்தான் வாங்கப் போகிறீர்கள், ஆனால் முத்திரைக் கணக்கும் தராசும் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசப்பட்டால் கல்லிலோ தராசிலோ ஏதோ குறைந்திருக்கிறது.

எவ்வளவு எடை வேண்டும்? சுத்தியலைப் போல் ஐம்பது மடங்கு என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு கிலோ சுத்தியலுக்கு 50 கிலோ கல். கத்தி, கொக்கி, கதவுத் தாழ்ப்பாள் அளவு வேலைக்கு 50-லிருந்து 70 கிலோ தாராளம். நூற்றைம்பது கிலோக் கல்லைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு மாடிப்படியை நினைத்துப் பாருங்கள்.

கொம்பு, வால் எதுவும் இல்லாமல் சதுரமாக, முழங்கை உயரம்கூட இல்லாமல் ஒரு இரும்புக் கட்டி கிடந்தால் அதையும் கவனியுங்கள். நம் ஊர் ஆசாரிகள் தரையில் புதைத்தோ கட்டையில் இறக்கியோ உட்கார்ந்தபடி அடித்த கல் அதுதான், அருவாளும் மண்வெட்டியும் அதில்தான் பிறந்தன. கடைக்காரர் அதைப் பழைய இரும்பு விலைக்கே தருவார், ஏனென்றால் படத்தில் வருகிற மாதிரி அது இல்லை. குண்டு எகிறினால் யோசிக்காமல் எடுங்கள். கொம்பு வேலைக்கு ஒரு கனமான பைப்போ ஷாஃப்ட்டோ பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

தண்டவாளத் துண்டு ஆசை இங்கே எல்லோருக்கும் வரும். கல்லாகப் பயன்படுத்த நல்ல பொருள்தான். படுக்க வைக்காமல் நிமிர்த்தி நட்டு அதன் வெட்டுமுகத்தில் அடித்தால் எடை முழுக்கச் சுத்தியலுக்கு நேர் கீழே வரும், மீட்டருக்கு 60 கிலோ ரகத்தில் ஒரு அடித் துண்டே 18 கிலோ இருக்கும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், வாங்கி வைத்திருந்த உங்களைத்தான் ரயில்வே பாதுகாப்புப் படை வந்து கேட்கும். ஏலத்தில் எடுத்த கடை, பில் தருகிற கடை என்றால் மட்டும் வாங்குங்கள். துறைமுகம், ரயில்வே முத்திரை உள்ள பட்டறைக்கல்லுக்கும் பில் கேட்பது நல்லது.

பேரம் பற்றி ஒன்றே ஒன்று. குண்டை வெளியே எடுத்தவுடன் கடைக்காரருக்கு இவன் விஷயம் தெரிந்தவன் என்று புரிந்துவிடும், விலையும் ஏறும். அதனால் முதலில் “அண்ணே, இது கிலோ இன்னா ரேட்டு?” என்று சாதாரணமாகக் கேட்டு ஒரு தொகையை வாயில் வாங்கிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பரிசோதியுங்கள். “ஆன்டிக் பீஸுப்பா” என்று ஆரம்பித்தால் விளிம்பு உடைசல், விரிசல் கோடு இரண்டையும் சாக்பீஸில் வட்டம் போட்டுக் காட்டுங்கள், பேச்சு இரும்பு விலைப் பக்கம் தானாக வரும். கொண்டுவர மீன்பாடி வண்டிதான் சரி, தட்டு தாழ்வாக இருப்பதால் இரண்டு பேர் ஏற்றி இறக்கலாம். பைக் பின்னால் கட்டிப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டை. கறிக்கடைக்காரர்கள் எங்கே புளியங்கட்டை எடுக்கிறார்கள் என்று விசாரித்து அதே மாதிரி ஒன்று வாங்குங்கள், வெட்டுமுகம் மேலே இருக்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் முட்டி கல்லின் முகத்தைத் தொடுகிற உயரம் சரி; கல்லின் உயரத்தைக் கழித்துவிட்டுக் கட்டையை அறுக்கச் சொல்லுங்கள். நம் சந்துகளில் சுவருக்குச் சுவர் வீடு, மத்தியானம் தூங்குகிற பெரியவர்கள், அழுகிற குழந்தைகள், எனவே ‘ணங்ங்’ என்பதை வாங்கும்வரை ரசித்துவிட்டு வந்ததும் அடக்க வேண்டியதுதான்: இடுப்பைச் சுற்றி இறுக்கமாகச் சங்கிலி, வாலுக்கு அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தம், கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் டயர் ரப்பர். பெரும்பாலும் இதிலேயே சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

மேல் துரு ஒயர் பிரஷ்ஷில் போய்விடும், ஆசிட்டில் ஊற வைக்க வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரிக் கடற்கரை ஓரமாக இருந்தால் உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் முகம் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும், எனவே வேலை முடிந்ததும் ஆயில் துணியால் ஒரு துடை. சாக்குப் போட்டு மூடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெருமுனையில் கிழிந்து தொங்குகிற ஃபிளெக்ஸ் பேனரில் ஒரு துண்டு போதும், அடியில் கொஞ்சம் காற்றுப் போக இடம் விட்டு.